உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் தண்ணீர்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. வெறும் தண்ணீர் முழுவதும் உடம்பில் தங்காது என்பது சரி. ஆனால் தண்ணீரையே நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அப்படியானால் எதைக் கொடுப்பது? விடை, குடலின் செல் சவ்வில் இருக்கிறது. நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் அல்ல. படித்துப் புரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான ஈரடுக்குச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கைவிட மெல்லியது அது. பிராணவாயு தானாகவே ஊடுருவிவிடும். உப்பும் சர்க்கரையும் அப்படிப் போக முடியாது. அவற்றுக்கென்று புரதத்தாலான வாசல்கள் உண்டு. தண்ணீருக்கும் தனி வழிகள் இருப்பதை 1992-ல் பீட்டர் ஆக்ரே காட்டினார். 2003-ல் நோபல் பரிசு பெற்றார்.

தண்ணீருக்கு ஒரு குணம்: உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். மாவடுவில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கிறதே, அதே கணக்குதான். ஆகவே, குடலிலிருந்து உடம்புக்குள் தண்ணீர் போக வேண்டுமானால் முதலில் உப்பு உள்ளே போக வேண்டும்.

செல்லில் ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957-ல் இதைக் கண்டறிந்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு; வெளியே உள்ள சோடியம் இறக்கத்தில் நிற்கும் வண்டிபோல உள்ளே உருளக் காத்திருக்கிறது. குடலில் உள்ள ஒரு வாசலில் அது தனியாக நுழைய முடியாது. சர்க்கரை வண்டியோடு கப்ளிங் மாட்டினால்தான் இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். இந்தக் கூட்டுப் பயணத்தை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி விளக்கினார். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்பது கணக்கு. பின்னாலேயே தண்ணீரும் போகும்.

காலராக் கிருமியின் நச்சுப்பொருளை 1959-ல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே. அந்த நச்சு, குடல் செல்களிலிருந்து உப்பை வெளியேற்றுகிறது. தண்ணீரும் கூடவே கொட்டுகிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். ஆனால் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாசல் மட்டும் பழுதாவதில்லை. நமக்குப் பிழைக்க வழி அதுதான்.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, சியால்தாவிலிருந்து லோக்கல் ரயில் போகும் எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அளவை உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தியது. லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உண்டு. சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் அது தண்ணீரைக் குடலுக்குள் திருப்பி இழுக்கும். உப்பு கூடினாலும் ஆபத்து. ஆகவே பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குளிர்பானமும் பழரசமும் இதற்கு ஈடாகா.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லதே. அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறுகிறது. பாட்டி கொடுத்த கஞ்சிக்கு விஞ்ஞானமும் சாட்சி!

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; போகும் வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

வெளியூரில் வாழும் நமக்கு, நடுராத்திரியில் கைகொடுக்கப் பக்கத்தில் உறவுக்காரர்கள் இருப்பதில்லை. வீட்டில் இரண்டு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.