நத்தை நடையும் என்ஜின் கொதிப்பும்

ஆஸ்திரியா தேசத்தில் ஐஸனெர்ஸ் என்ற ஊரருகே ஓர் இரும்பு மலை இருக்கிறது. தாது வெட்டி வெட்டி ராட்சதப் படிக்கட்டைப் போலாகிவிட்ட அந்த எர்ஸ்பெர்க் மலையில் 1995-ஆம் வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஆரம்பமாயிற்று. அதன் இறுதிப் போட்டியில் 500 பேர் புறப்படுவார்கள். நாலு மணி நேரமே கெடு. சில வருஷங்களில் எல்லையைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'கார்ல்ஸ் டின்னர்' எனப்படும் பாறைக் குவியலில் வண்டியை ஓட்டுவதைவிடத் தள்ளுவதும் தூக்குவதுமே அதிகம். ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்குவதற்கு ஏற்ற இடம் அதுதான்.

வேகமாய் ஓடினால் அல்லவா சூடு ஏற வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். விஷயம் நேர் விரோதமானது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி. பாறையில் ஊரும்போது என்ஜினுக்கு உழைப்பு மிகுதி, காற்றோ இல்லை. பாரம் குறைய வேண்டும் என்பதற்காக இத்தகைய வண்டிகள் பலவற்றில் மின்சார விசிறியும் வைப்பதில்லை.

ஆனால் பாதிக் குற்றம் ஓட்டுகிறவரின் இடது கையைச் சேர்ந்தது என்பதே நமது அபிப்பிராயம். கிளச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே ஏறினால் அதன் தகடுகள் உராய்ந்து, அந்த உஷ்ணமும் எண்ணெய் வழியாக என்ஜினையே சேருகிறது. கியரை ஒன்று குறைத்து, கிளச்சை முழுவதும் விட்டு ஓட்டப் பழகுவதே முதல் வைத்தியம்; செலவும் இல்லை.

அடுத்தது ரேடியேட்டர். அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறு அடைத்திருந்தால் உள்ள காற்றும் நுழையாது. தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிவிடும். உள்ளே வெறும் ஜலம் கூடாது. எதிலீன் கிளைகாலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்தால் சுமார் 107 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். மூடி இறுக்கமாய் இருந்தால், பிரஷர் குக்கரில் நடப்பது போலவே, அழுத்தம் ஏறிக் கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போய்விடும். மூடியின் ரப்பர் தேய்ந்ததோ, இந்த லாபம் முழுவதும் போயிற்று! சொற்ப விலையுள்ள இந்த மூடியைக் கவனிப்பார் குறைவு.

கொதித்தே விட்டால் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். விசிறி இல்லாத வண்டியை நின்ற இடத்தில் ஓடவிடுவது சூட்டை வளர்க்கவே செய்யும். பிடிவாதமாய் ஓட்டினால் பிஸ்டன் இறுகி என்ஜினே பாழாகலாம். அவசரப்பட்டு மூடியைத் திறப்பது அதைவிட ஆபத்து: அழுத்தம் விட்ட கணத்தில் உள்ளிருப்பது ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு திறக்கலாம். குறைந்த அளவுக்குக் குடிதண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாம். வீடு திரும்பியதும் அதை வடித்துவிட்டுப் புதுக் கலவை நிரப்ப வேண்டும்.