நோயுற்ற காலத்தில் இசையும் கலையும்: சிகிச்சைக்குத் துணையாக அவற்றைப் பயன்படுத்துவது எப்படி?

நோயுற்றவருக்கு மருந்தும் ஓய்வும் சத்துள்ள உணவும் இன்றியமையாதவை. இவற்றோடு, விரும்பிய இசையைக் கேட்பதும், பாடுவதும், படம் வரைவது போன்ற கலைப் பணிகளில் ஈடுபடுவதும் அச்சத்தையும் வலியையும் குறைக்கத் துணைபுரிகின்றன. பக்கவாதம் போன்ற சில நோய்களில், இழந்த திறன்களை மீட்கும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இசை பயன்படுத்தப்படுகிறது. இவற்றால் கிடைக்கும் பயன் யாது, அப்பயனின் எல்லை யாது, வீட்டிலும் மருத்துவமனையிலும் இவற்றை எவ்வாறு பாதுகாப்பாகக் கையாளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது

இசையோ ஓவியமோ நோய்க்கிருமியை அழிப்பதில்லை. புற்றுநோய்க் கட்டியைக் கரைப்பதில்லை. இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பை நீக்குவதில்லை. நோயைத் தாங்கிக்கொள்ளவும், சிகிச்சைக்கு ஒத்துழைக்கவும், மறுவாழ்வுப் பயிற்சியை இடைவிடாது தொடரவும் அவை உதவுகின்றன. நீண்ட காலச் சிகிச்சையில் இவ்வுதவி சிறிதன்று. அச்சமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் மிகுந்த நோயாளி, மருந்தையும் பயிற்சியையும் பாதியில் கைவிடும் வாய்ப்பு உண்டு.

கலைகளுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பு குறித்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அவ்வறிக்கை, நோய்த் தடுப்பு, சிகிச்சை, நோயோடு வாழும் காலம் ஆகிய மூன்றிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு எனக் கூறியது.

இசை உடலில் எவ்வாறு செயல்படுகிறது?

வலியை உணர்வதில் மூளையின் கவனத்திற்குப் பெரும்பங்கு உண்டு. விருப்பமான பாடலில் மனம் ஈடுபடும்போது, அதே வலி குறைவாக உணரப்படலாம். அமைதியான, மெதுவான இசை பதற்றத்தைத் தணிக்கும்போது இதயத்துடிப்பும் மூச்சும் சீரடையலாம். மனத்திற்கு நெருக்கமான இசையைக் கேட்கும்போது, மகிழ்ச்சி உணர்வோடு தொடர்புடைய ‘டோபமின்’ என்னும் வேதிப்பொருள் மூளையில் சுரப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

இவற்றோடு, தாளத்தைக் கேட்கும் மூளைப் பகுதிகளும் உடலசைவை இயக்கும் பகுதிகளும் நெருங்கிய தொடர்புடையவை. பாட்டைக் கேட்டவுடன் நம்மை அறியாமலே கால் தாளம் போடுவது இதனால்தான். நடைப் பயிற்சியில் இசை பயன்படுவதற்கும் இத்தொடர்பே அடிப்படை.

அறுவை சிகிச்சையின்போது

இசையின் பயன் நன்கு ஆராயப்பட்டுள்ள துறைகளுள் அறுவை சிகிச்சையும் ஒன்று. ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் 2015-ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு, ஏறத்தாழ 7,000 நோயாளிகள் பங்கேற்ற 73 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்கு முன்போ, நடைபெறும்போதோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் அச்சமும் குறைவாக இருந்தன. வலி நிவாரணி மருந்தின் தேவையும் குறைந்தது. எனினும், மருத்துவமனையில் தங்கும் நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. இசையின் பயனையும் அதன் எல்லையையும் இம்முடிவு ஒருங்கே காட்டுகிறது.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ அறுவை சிகிச்சை நடைபெறவிருந்தால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இசை கேட்கலாமா என மருத்துவரிடமோ செவிலியரிடமோ முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் இசைந்தால், விருப்பமான பாடல்களைக் கைபேசியில் சேமித்து எடுத்துச் செல்லுங்கள்; செவிக்கருவியின் வழியாக மட்டும் கேளுங்கள். செவிலியர் கூறும் அறிவுரைகள் காதில் விழும் அளவுக்கு ஒலி குறைவாக இருக்க வேண்டும்.

பக்கவாதத்திற்குப் பின்

பக்கவாதம் ஏற்பட்டவர்களுள் சிலருக்குப் பேச்சுத்திறன் பாதிக்கப்படுகிறது. பிறர் கூறுவது ஓரளவு புரிந்தாலும், தாம் எண்ணியதைச் சொற்களாக வெளிப்படுத்த அவர்களால் இயலுவதில்லை. ‘தண்ணீர்’ எனச் சொல்ல இயலாத ஒருவர், நெடுநாள் பழகிய பாடலின் வரிகளைச் சொற்பிழையின்றிப் பாடுவதைக் கண்டு குடும்பத்தினர் வியப்பதுண்டு. ‘பாட முடிகிறவரால் பேச முடியாதா? வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்’ எனச் சிலர் தவறாக எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுதல் கூடாது. பெரும்பாலானோருக்குப் பேச்சை இயக்கும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது. பாடும்போது வலப்பக்கமும் பங்கேற்கிறது. இடப்பக்கம் பாதிக்கப்பட்ட பின்னும் பாடும் திறன் எஞ்சியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

எஞ்சிய அத்திறனைக் கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சி முறையொன்றை 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவ வல்லுநர்கள் உருவாக்கினர். இம்முறையில், அன்றாடம் தேவைப்படும் சிறு தொடர் ஒன்றை ஏற்ற இறக்கத்தோடு இழுத்து இசைக்குமாறு நோயாளி பயிற்றுவிக்கப்படுகிறார். ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடக்கை தாளமாகத் தட்டப்படுகிறது. ‘பசிக்குது’, ‘தண்ணி வேணும்’ போன்ற தொடர்களில் தொடங்கி, நீளமான தொடர்களுக்குச் சென்று, இறுதியில் இசையைப் படிப்படியாகக் குறைத்து இயல்பான பேச்சை அடைவதே நோக்கம். பழகிய பாடல்களைப் பாடிக்கொண்டிருப்பதால் மட்டும் பேச்சு திரும்பிவிடாது. முறையான பயிற்சியே தேவை. இப்பயிற்சி எல்லா வகைப் பேச்சிழப்புக்கும் பொருந்துவதில்லை என்பதால், பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீட்டுக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.

பக்கவாத நோயாளிகள் இசை கேட்பது குறித்துப் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டில் வெளியாயின. அதில் 60 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தாம் விரும்பிய இசையை இரண்டு மாதங்கள் நாள்தோறும் கேட்டனர். மற்றொரு குழுவினர் ஒலிவடிவ நூல்களைக் கேட்டனர். மூன்றாவது குழுவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். சொற்களை நினைவில் வைக்கும் ஆற்றலும் கவனக்குவிப்பும் இசை கேட்ட குழுவினரிடம் மற்ற இரு குழுக்களைவிட மேம்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வும் குறைவாக இருந்தது. இது சிறிய ஆய்வே எனினும், இசை கேட்பது செலவற்றது, வீட்டிலேயே செய்யக்கூடியது.

பார்க்கின்சன் நோயும் முதுமை மறதி நோயும்

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் நடை தளர்ந்து, அடிகள் குறுகிவிடுகின்றன. சில வேளைகளில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. சீரான தாள ஒலிக்கேற்ப அடியெடுத்து வைக்கும் பயிற்சி, நடையின் வேகத்தையும் அடியின் நீளத்தையும் மேம்படுத்துகிறது. விழும் ஆபத்து உள்ளதால், இயன்முறை மருத்துவர் தாளத்தின் வேகத்தை முடிவு செய்த பின்னரே, ஒருவர் உடனிருக்க இப்பயிற்சியைச் செய்ய வேண்டும்.

முதுமை மறதி நோயில், இளமையில் கேட்ட பாடல்கள் நீண்ட காலம் நினைவில் தங்குவதுண்டு. அவற்றைக் கேட்கச் செய்வது மனச்சோர்வைக் குறைக்க உதவக்கூடும். பேச்சற்றிருப்பவரோடு குடும்பத்தினர் உறவாட ஒரு வழியாகவும் அமையும். இழந்த நினைவாற்றலை இசை மீட்டுத் தருவதாக உறுதிப்படவில்லை.

படம் வரைதலும் கைவினையும்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்தபோது, படுக்கையில் இருந்தவாறே வரையத் தொடங்கினார். அது தம் மனத்தளர்ச்சியைப் போக்கியதை உணர்ந்து, உடனிருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். ‘கலைவழிச் சிகிச்சை’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை 1942-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் அவரே. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீசு, 1941-ஆம் ஆண்டில் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின்னர், நெடுநேரம் நின்று வரைய இயலாதவரானார். வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டும் முறையில், சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தவாறே தம் பணியைத் தொடர்ந்தார்.

நோய் ஒருவரைப் பிறரின் உதவியை எதிர்நோக்கியிருப்பவராக ஆக்கிவிடுகிறது. எப்போது உண்பது, எப்போது ஊசி போடுவது என்பவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்கின்றனர். எந்த வண்ணத்தைத் தேர்வது, எந்தக் கோட்டை எங்கு இழுப்பது என்பதை நோயாளியே முடிவு செய்யும்போது, தம் வாழ்வின் ஒரு சிறு பகுதியேனும் தம் கையில் உள்ளது என்னும் உணர்வு அவருக்குத் திரும்புகிறது. சொல்லால் கூற இயலாத அச்சத்தைக் குழந்தைகள் படங்களின் வழியாக வெளிப்படுத்துவதும் உண்டு.

இதற்குக் கலைத்திறன் தேவையில்லை. அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டு வெளியான சிறிய ஆய்வொன்றில், உடல்நலமுள்ள 39 பேர் 45 நிமிடங்கள் கலைப்பணியில் ஈடுபட்டனர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு மனஅழுத்தத்தோடு தொடர்புடைய ‘கார்டிசால்’ சுரப்பின் அளவு குறைந்திருந்தது. முன்பயிற்சி உடையவர், இல்லாதவர் என்னும் வேறுபாடு இதில் காணப்படவில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• பாடல்களை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பக்திப் பாடல், திரைப்பாடல், நாட்டுப்புறப் பாடல் என எதுவாயினும், அவருக்குப் பிடித்ததே அவருக்குப் பயன் தரும்.
• காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் என ஒதுக்குங்கள். நாள் முழுவதும் ஒலிக்கும் தொலைக்காட்சி இதற்கு ஈடாகாது. அது களைப்பையே தரும்.
• புண் கட்டுதல், ஊசி போடுதல் போன்றவற்றுக்குச் சற்று முன்னரே இசையைத் தொடங்குங்கள்.
• படம் வரைதல், புள்ளி வைத்துத் தாளில் கோலமிடுதல், பூத்தொடுத்தல், காகிதம் மடித்தல் ஆகியவற்றுள் அவருடைய கைக்கு இயன்றதைத் தேர்ந்தெடுங்கள்.
• படைத்ததைத் திருத்தவோ பிறருடையதோடு ஒப்பிடவோ வேண்டா.
• ‘இன்று வேண்டாம்’ என நோயாளி கூறினால் விட்டுவிடுங்கள். இசை அழுகையை வரவழைத்தால், உடனிருந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். அழுகை தொடர்ந்தால் இசையை நிறுத்துங்கள்.
• நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் களைப்பு உண்டு. அவரும் சேர்ந்து பாடலாம், வரையலாம்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

வேதிச்சிகிச்சை பெறுவோர் உள்ளிட்ட, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் மண், களிமண் ஆகியவற்றைக் கையாளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிறர் பயன்படுத்திய தூரிகைகளைத் தவிர்க்க வேண்டும். நெடிமிக்க வண்ணங்கள் குமட்டலையும் மூச்சுத்திணறலையும் தூண்டலாம். மூச்சுக்குழாய், நுரையீரல், வயிறு ஆகியவற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உரத்துப் பாடுவதற்கு மருத்துவரின் இசைவு தேவை. மிக அரிதாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டுவதுண்டு. அவ்வாறு நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைக் குணப்படுத்துமா?

இன்ன ராகம் நீரிழிவைப் போக்கும், இன்ன ராகம் இரத்த அழுத்தத்தை நீக்கும் என்னும் செய்திகள் கைபேசி வழியே பரவுகின்றன. குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த மருத்துவச் சான்று இல்லை. ராகங்களைக் கேட்டு மனம் அமைதி பெறலாம். அதை நம்பி இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும். மருந்தை நிறுத்துமாறு கூறும் எந்த இசைச் சிகிச்சையையும் ஏற்காதீர்கள்.

உடனடியாக உதவி பெற வேண்டிய தருணங்கள்

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும்.

நோயாளியோ கவனிப்பவரோ இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வோடு இருந்தால், அல்லது வாழ விருப்பமில்லை எனக் கூறினால், இசையும் ஓவியமும் மட்டும் போதா. மருத்துவரை நாடுங்கள், 14416 என்னும் டெலி-மானஸ் கட்டணமில்லா உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுகுறித்துக் கேட்டறிந்து, பயிற்சிகளோடு இசையைச் சேர்க்கலாமா என வீட்டுக்கு வரும் பணியாளரிடம் ஆலோசியுங்கள்.