ஏற்காடு டிரிப்: மழைக்காற்றுக்கு என்ன டிரெஸ் போடலாம்?

சேலத்தில் வெயில் அடிக்குதேன்னு டி-ஷர்ட்டோடு பைக்கில் கிளம்புவோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மழையில் நனைந்து ஏற்காட்டில் இறங்கினால் பல் கிடுகிடுன்னு அடிக்கும். ஏன் இப்படி?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை தோராயமாக 6 டிகிரி குறையும். ஆனால், குளிர் மட்டுமே காரணமில்லை. ஈரத்துணியில் காற்று பட்டால், ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் ஜில்லுன்னு ஆவதும் இப்படித்தான்.

ஜீன்ஸ் போடலாமா?

மழைக்காலத்தில் வேண்டாம். நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. பாலியஸ்டர் டிராக் பேண்ட் பெட்டர்.

ஸ்வெட்டர் போதுமா?

போதாது. அதற்கு மேல் தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட் கட்டாயம் வேணும்.

குடை?

ஏரிக்கரைக்கு ஓகே. பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் மாதிரி திறந்தவெளியில் காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும்.

பைக்கில் போறீங்களா?

இங்கேதான் உஷார் தேவை. போர்த்திக்கொள்ளும் தொளதொள ரெயின்கோட், பறக்கும் துப்பட்டா, சேலை முந்தானை எல்லாம் சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பேண்ட், சட்டை எனத் தனித்தனியாக வரும் ரெயின்கோட்தான் சேஃப்.

கடைசியாக, ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியும் சாக்ஸும் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துக்கோங்க. நனைந்ததும் முதலில் குழந்தைகளுக்கு மாற்றிவிடுங்க. சின்ன உடம்பு, சூடு சீக்கிரம் இறங்கிடும்.