குட்டைத் திரி, நெட்டைத் திரி

கையில் மரு முளைத்தால் நம் ஊரில் யாரும் பதறுவதில்லை. பாலுண்ணி என்பார்கள்; அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். காலப்போக்கில் மரு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உதிர்த்தது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. பேர் மட்டும் உப்புக்கும் மிளகுக்கும்.

அதே மரு பிறப்புறுப்பில் வந்தால் பேச்சே நின்றுவிடுகிறது. வீட்டில் சொல்ல முடியாது, நேர்ந்துகொள்ளவும் கூச்சம். யாருக்கும் தெரியாமல் எருக்கம்பாலோ சுண்ணாம்போ தடவிப் புண்ணாக்கிக்கொண்ட பிறகுதான் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. உள்ளே ஒரே கேள்விதான் அரித்துக்கொண்டிருக்கும்: “இது புற்றுநோயோ?”

பெரும்பாலும் இல்லை. காரணம், மருவுக்குள் இருக்கும் வைரஸின் எண்.

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., ஒற்றை வைரஸ் அல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெருங்குடும்பம். எல்-1 என்ற மரபணுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி வகை. கண்டறிந்த வரிசையில் ஆளுக்கொரு எண். கையில் வரும் மருவுக்கு வேறு எண்கள். பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுபவை சுமார் நாற்பது. அங்கே வரும் மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு 6, 11 என்ற இரண்டே எண்கள் காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18.

பட்டாசுக்காரர்கள் மொழியில் சொன்னால் முன்னதற்குக் குட்டைத் திரி, பின்னதற்கு நெட்டைத் திரி. 6, 11 தொற்றினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரு வெளியே தெரிந்துவிடும். 16, 18 மருவாக முளைப்பதில்லை; வலியும் இல்லை. அவற்றின் இ-6, இ-7 புரதங்கள் செல்லின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுக்கும் பி-53, ஆர்.பி. என்ற இரண்டு காவல்காரர்களையும் செயலிழக்கச் செய்கின்றன. தொற்று விலகாமல் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும்.

இந்த வேறுபாட்டைக் கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாவுசன். அவர் குழு முதலில் துரத்தியது மருவைத்தான். பிறப்புறுப்பு மருவிலிருந்து 6 கிடைத்தது. குரல்வளைக் கட்டியிலிருந்து 11 கிடைத்தது. புற்றுத் திசுவில் அவற்றைத் தேடியபோது வேறொரு உறவுக்காரனின் மங்கலான தடயம் தென்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 1983-ல் 16-ஐயும், அடுத்த ஆண்டு 18-ஐயும் எட்டினார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு.

தடுப்பூசி வந்தபோது முதலில் சாட்சி சொன்னதும் மருதான். புற்றுநோய் குறைந்ததா என்று பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரு அவ்வளவு காக்க வைப்பதில்லை. ஆஸ்திரேலியா 2007-ல் 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் ஊசியைப் பெண்களுக்குப் போடத் தொடங்கியது. பாலியல் நல மருத்துவமனைகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில், அந்த ஆண்டு நூற்றுக்கு 11.5 பேருக்கு மரு இருந்தது. 2011-ல் ஒருவருக்கும் குறைவு, 0.85. ஊசி போடாத இளம் ஆண்களிடமும் மரு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 2008-ல் தொடங்கியது 16, 18 மட்டும் தடுக்கும் ஊசி. 2012-ல் நான்கு எண் ஊசிக்கு மாறிக்கொண்டது. 2022-ல் அனுமதி பெற்ற புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக்கிலும் அந்த நான்கு எண்கள் உள்ளன. 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது.

ஊசி வயதைத் தாண்டிய தாய்மாருக்கும் வழி உண்டு. அதை மெய்ப்பித்தது திண்டுக்கல் மாவட்டம். அங்கே அம்பிளிக்கை மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும். 2007-ல் வெளியான முடிவு: ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

மரு இருந்தால் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் தயங்காமல் காட்டலாம். பூசும் மருந்தோ, உறைய வைத்தோ சுட்டோ அகற்றும் முறையோ உண்டு. திரும்ப வந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமில்லை. தொற்று சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்தும் வெளிப்படும். மரு இல்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் சிவகாசிப் பெண்ணுக்கு, பரிசோதனைக்கு அரைநாள் போனால் அரைநாள் கூலி போச்சு. ஆனால் திரியை ஏன் நீளமாக வைக்கிறோம் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பற்றவைத்தவர் விலகிப்போக நேரம் கிடைக்கட்டும் என்றுதானே. 16-ம் 18-ம் தரும் பத்து, இருபது ஆண்டுகளும் அப்படிப்பட்ட அவகாசம்தான்.