"இழுக்கும்" என்பது வேற, "தாங்கும்" என்பது வேற: டிரெய்லர் வாங்கும் முன் ஒரு கணக்கு



போன மாசம் ஒரு ராத்திரி, டல்லாஸ்ல இருக்கிற என் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணா, ஒரு டிராவல் டிரெய்லர் பார்த்து வச்சிருக்கேன். 40,000 டாலர். 5,000 கட்டினா போதும், மீதி 35,000 லோன். மாசம் வெறும் 334 டாலர்தான் வருது. டிரக் ஏற்கனவே இருக்கு. நாளைக்கு கையெழுத்து போடலாமா?"

அமெரிக்காவுல இருக்கிற நம்ம பசங்க நிறைய பேருக்கு இந்த ஆசை உண்டு. பிக்கப் டிரக்குக்கு பின்னாடி படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள ஒரு குட்டி வீட்டை மாட்டிக்கிட்டு, குடும்பத்தோட நேஷனல் பார்க் போகணும். ஆசையில தப்பே இல்ல. ஆனா "வெறும் 334" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள்ள இருந்த ஆடிட்டர் முழிச்சுக்கிட்டான்.

"டிரைவர் கதவைத் திறந்தா, ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்புடா" என்றேன். "நான் லோனைப் பத்தி கேட்டா, நீங்க ஸ்டிக்கரை கேட்கறீங்க?" என்று சிரித்தான். பத்து நிமிஷத்துல அந்தச் சிரிப்பு நின்னுடுச்சு.

முதல் கணக்கு: எடை

டிரக் விளம்பரத்துல பெரிய எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். இவன் டிரக்குக்கு அது 9,500 பவுண்டு. அதாவது அவ்வளவு எடையை இழுக்கும் என்று அர்த்தம். டிரெய்லரோட வெறும் எடை 5,800 பவுண்டு. "பாதிக்கு கொஞ்சம் மேலதான், தாராளமா இழுக்கும்" என்று விற்பனையாளர் சொல்லியிருக்கார்.

அவர் சொன்னது பொய் இல்ல. ஆனா பாதி உண்மை.

ஒண்ணு, 5,800 என்பது ஃபேக்டரியை விட்டு வெளியே வரும்போது உள்ள எடை. தண்ணி, துணி, பாத்திரம், நாற்காலி எதுவும் அதுல இல்ல. தண்ணி மட்டுமே ஒரு கேலனுக்கு சுமார் 8.3 பவுண்டு. 40 கேலன் டேங்க்கை நிரப்பினா 330 பவுண்டு போயிடும். அதனால டிரெய்லர்ல ஒட்டியிருக்கிற அதிகபட்ச எடையை, ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருக்குமே, அதைத்தான் கணக்குக்கு எடுக்கணும். இந்த டிரெய்லருக்கு அது 7,500.

ரெண்டாவது, இதுதான் நிறைய பேர் விட்டுடறது. டிரெய்லர் எடை முழுக்க அதோட சக்கரத்துல நிற்காது. 10 முதல் 15 சதவீதம் வரைக்கும் டிரக்கோட பின்பக்க ஹிட்ச் மேல வந்து உட்காரும். இதுக்கு பேர் டங் வெயிட். அந்த எடையை டிரக் இழுக்கல, சுமக்குது. எவ்வளவு சுமக்கலாம் என்று சொல்றது விளம்பரம் இல்ல, கதவு ஓரத்து ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாது என்று அதுல போட்டிருக்கும். அதுதான் பேலோடு. இவன் டிரக்குல 1,500.

கணக்கு போட்டோம்:

- டங் வெயிட், 7,500-ல் 13 சதவீதம்: 975
- ஹிட்ச் சாதனம்: 90
- இவன், மனைவி, ரெண்டு குழந்தைங்க: 550
- கூலர், சைக்கிள், டூல் பாக்ஸ்: 150

மொத்தம் 1,765 பவுண்டு. அனுமதி 1,500. கிளம்பறதுக்கு முன்னாடியே 265 பவுண்டு ஓவர்!

9,500 இழுக்கும் என்று விளம்பரம் சொன்ன அதே டிரக்தான். அந்த நம்பரைப் போடும்போது வண்டியில டிரைவர், ஒரு பயணி, ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் பொதுவா எடுத்துக்குவாங்க. உங்க குடும்பமும் கூலரும் அதுல கிடையாது.

"அப்போ சாமானை எல்லாம் டிரெய்லரோட பின்பக்கம் வச்சா டங் வெயிட் குறையுமே?" என்று கேட்டான். குறையும். ஆனா 10 சதவீதத்துக்கு கீழ போச்சுன்னா, ஹைவேல டிரெய்லர் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் அதிகமானா டிரக்கையும் சேர்த்து இழுத்து கவிழ்த்திடும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா எடை முன் சக்கரத்துக்கும் பிரியும், வண்டி நிதானமா ஓடும். வாங்க வேண்டிய சாதனம்தான். ஆனா ஸ்டிக்கர்ல இருக்கிற 1,500-ஐ அது 1,600 ஆக்காது.

இதையே தலைகீழா போட்டுப் பாருங்க. 1,500-ல் குடும்பம், ஹிட்ச், சாமான் போக மிச்சம் 710. அதை 0.13-ஆல் வகுத்தா சுமார் 5,460. அதாவது இவன் டிரக்குக்கு, முழு எடையே 5,400 பவுண்டுக்குள்ள இருக்கிற டிரெய்லர்தான் சரி.

இதை விற்பனையாளர்கிட்ட சொன்னதுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "அப்போ டிரக்கையும் பெரிசா மாத்திடலாம் சார், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு." ஒரு கடனுக்காக இன்னொரு கடன். பூனைக்கு பால் வேணும் என்று மாடு வாங்கின கதை!

ரெண்டாவது கணக்கு: 334 டாலர்

35,000 டாலர், 8 சதவீத வட்டி, 15 வருஷம். மாசம் 334.48 டாலர். முடியும்போது கட்டியிருக்கும் தொகை சுமார் 60,200. வட்டி மட்டும் 25,200.

ஆனா யாரும் 15 வருஷம் வச்சுக்கப் போறதில்ல. குழந்தைங்க வளர்ந்துடுவாங்க. அஞ்சு வருஷத்துல விற்கிறான் என்று வைங்க, பாதி விலை கிடைக்குது என்றும் வைங்க. பாதி என்பது என்னோட அனுமானம், உங்க கணக்குக்கு மாத்திக்கோங்க.

அஞ்சு வருஷத்துல அவன் கட்டின இ.எம்.ஐ. 20,069. அதுல வட்டிக்கு போனது 12,637. அசல்ல குறைஞ்சது வெறும் 7,432. பாக்கி கடன் 27,568. விற்ற காசு 20,000. ஆக, டிரெய்லரையும் கொடுத்துட்டு, கையில இருந்து 7,568 டாலரும் கொடுக்கணும்!

முன்பணம் 5,000 + இ.எம்.ஐ. 20,069 + கடைசியில கொடுத்த 7,568 = 32,637.

இதோட இன்சூரன்ஸ் வருஷம் 600, நிறுத்தி வைக்கிற இடத்துக்கு 1,200 (இவன் இருக்கிற அபார்ட்மெண்ட்ல டிரெய்லர் நிறுத்த முடியாது), டயர், பேரிங், கூரை சீலண்ட், குளிர்காலத்துக்கு முன்னாடி குழாய்த் தண்ணியை வடிச்சு விடறது எல்லாத்துக்கும் 800. இன்சூரன்ஸும் வாடகையும் அவன் வாங்கின கோட்டேஷன், பராமரிப்பு எங்க மதிப்பீடு. அஞ்சு வருஷத்துக்கு 13,000.

மொத்தம் 45,637 டாலர்.

"வருஷத்துக்கு எத்தனை ராத்திரி அதுல தூங்குவே?" என்று கேட்டேன். லீவு கணக்கு பார்த்துட்டு 15 என்றான். அஞ்சு வருஷத்துல 75 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 608 டாலர். பெட்ரோல், கேம்ப் சைட் வாடகை இன்னும் சேர்க்கல. டிரெய்லரை மாட்டினா மைலேஜ் பாதிக்கு பக்கத்துல இறங்கிடும் என்பதையும் மறந்துடாதீங்க.

அதே மாதிரி டிரெய்லரை வாடகைக்கு எடுத்தா, கட்டணம் எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 200 டாலர் என்று அவனுக்கு விலை சொல்லியிருக்காங்க. 75 ராத்திரிக்கு 15,000. வாங்கறது லாபமாகணும் என்றால் வருஷத்துக்கு 46 ராத்திரியாவது தூங்கணும். ஐ.டி. வேலையில இருந்துக்கிட்டு அது நடக்குமா என்று நீங்களே சொல்லுங்க.

"டாக்ஸ் பெனிஃபிட் இருக்கு சார்"

இதுவும் பாதி உண்மை. படுக்கை, சமையல், கழிப்பறை மூணும் இருந்தா, அமெரிக்க வருமான வரி விதியில டிரெய்லரை ரெண்டாவது வீடாக எடுத்துக்கலாம். அதையே அடமானமா வச்ச கடனுக்கு வட்டிக் கழிவும் கேட்கலாம். ஆனா ஐட்டமைஸ் பண்றவங்களுக்கு மட்டும். 2025-ல் கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணினா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 31,500 டாலர். இவன் இருக்கிறது வாடகை வீடு, ஹோம் லோன் கிடையாது. டெக்சஸ்ல மாநில வருமான வரியும் கிடையாது. டிரெய்லர் வட்டி முதல் வருஷம் சுமார் 2,750. 31,500-ஐ தாண்டவே தாண்டாது. பெனிஃபிட் பூஜ்யம். (நான் இந்திய சி.ஏ. உங்க நிலைமைக்கு அங்க உள்ள சி.பி.ஏ.வை ஒரு தடவை கேட்டுடுங்க.)

மூணாவது கணக்கு: 60 நாள்

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமா இருந்தது. ஆனா சொன்னேன்.

அவன் எச்1பி விசாவுல இருக்கான். வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள புது வேலை தேடணும், இல்லன்னா வேற ஸ்டேட்டஸுக்கு மாறணும், இல்லன்னா கிளம்பணும். அந்த 60 நாள்ல லோன் பாக்கி இருக்கிற டிரெய்லரை, விலையைவிட கடன் அதிகமா இருக்கிற டிரெய்லரை, யார்கிட்ட போய் விற்பான்? அவன் எமர்ஜென்சி ஃபண்டுல இருந்தது மூணு மாசச் செலவு. முன்பணம் 5,000 அதுல இருந்துதான் எடுக்கிறதா இருந்தான்.

போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "பசங்ககிட்ட வாங்கறேன்னு சொல்லிட்டேன் அண்ணா."

அது எந்த எக்செல் ஷீட்லயும் வராத செலவு. அதனால "வேண்டாம்" என்று நான் சொல்லல. "முதல்ல ரெண்டு தடவை வாடகைக்கு எடுத்துப் பாரு. 5,400 பவுண்டுக்குள்ள. அப்புறம் முடிவு பண்ணு" என்றேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சின்ன டிரெய்லர் எடுத்துக்கிட்டு போனாங்க. போற வழியில டிரக் ஸ்டாப்ல இருந்த எடை மேடையில ஏத்தி ரசீதும் வாங்கியிருக்கான், எனக்கு போட்டோ வந்தது. எல்லாம் அளவுக்குள்ள. பசங்களுக்கு சந்தோஷம் தாங்கல. கழிவுநீர் டேங்க்கை ஹோஸ் போட்டு காலி பண்ற வேலை மட்டும் யாருக்கும் பிடிக்கல. "அது உன் டிப்பார்ட்மெண்ட்" என்று அவன் மனைவி சொல்லிட்டாங்களாம்.

இப்போ அடுத்த வருஷத்துக்கு, கடன் இல்லாம, பழைய சின்ன டிரெய்லர் ஒண்ணு வாங்க மாசம் 334 டாலர் தனியா சேர்க்கிறான். அதே 334 தான். முன்ன பேங்க்குக்கு போக வேண்டியது, இப்போ அவன் அக்கவுண்ட்ல இருக்கு.

நீங்க வாங்கப் போறீங்கன்னா

1. விளம்பர நம்பரை விடுங்க, கதவு ஸ்டிக்கரை பாருங்க. ஒரே மாடல்லயே வண்டிக்கு வண்டி பேலோடு மாறும்.
2. டிரெய்லரோட முழு எடையில 13 சதவீதம் வச்சு கணக்கு போடுங்க.
3. பிரேக் கண்ட்ரோலர் வேலை செய்யுதா என்று பார்த்துக்கோங்க. டிரெய்லர் ஆடினா டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால கொடுங்க.
4. இ.எம்.ஐ.யை பார்க்காதீங்க. விற்கும்போது கடன் எவ்வளவு பாக்கி இருக்கும் என்று பாருங்க.
5. மொத்தச் செலவை ராத்திரி எண்ணிக்கையால வகுங்க.
6. எமர்ஜென்சி ஃபண்டை தொடாதீங்க.

சென்னையில உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். உங்களுக்கு அது எஸ்.யூ.வி.யா இருக்கலாம், ரெண்டாவது ஃபிளாட்டா இருக்கலாம். பேங்க் சொல்றது நீங்க எவ்வளவு இழுப்பீங்க என்று. எவ்வளவு தாங்குவீங்க என்பதை உங்க கதவைத் திறந்து நீங்கதான் பார்க்கணும்.

இந்தக் கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. உங்க நம்பரை போட்டுப் பார்த்துட்டு, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வந்தது என்று கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!