வாடகைக் கணினிக்கு நாமே எழுதும் விலை

பூண்டுலோயாத் தோட்டங்களில் மாலையிலே கொழுந்து நிறுக்கும் காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். கூடையிலே கிடப்பது ஒரே கொழுந்துதான். அதற்குரிய விலையோ ஒன்றன்று. ஒரு பேருக்குரிய நிறைக்குள் பறித்தது ஒரு கணக்கு. அதற்கு மேற்பட்டது கிலோவுக்கு இவ்வளவு என்று வேறொரு கணக்கு. கைக்காசுக்குப் பறித்தது மூன்றாவது கணக்கு. நிறை குறைந்தால் அரைப் பேர் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்போரிற் சிலர் என்னிலும் நன்கறிவார்கள்.

மலையகத்து இளைஞர் பலர் இன்று கொழும்பிலே கணினித் தொழில் செய்கின்றனர். செக்ரோல் மேசையில் எழும் இதே வினா அவர்கள் முன்னும் எழுகின்றது. மேகக் கணிமை என்பது பிறருடைய கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் முறையாகும். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் இவ்வாணிபத்தைத் தொடங்கியது. அங்கும் ஒரே கணினிக்குப் பல விலைகள் உள. நினைத்தபோது எடுத்து நினைத்தபோது விடுவதற்கு முழு விலை. ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ வாக்களித்தால் குறைந்த விலை. மிஞ்சிக் கிடப்பதை, திருப்பிக் கேட்டவுடன் விட்டுவிடும் நிபந்தனையோடு எடுத்தால் இன்னும் மலிவு.

ஆதலின் பொதுவான விலைப்பட்டியலைக் கொண்டு செலவெழுதினால் கணக்குப் பிழைக்கும். சொந்தக் கணினிகளை வைத்திருப்போருக்கோ பட்டியலே இல்லை. செலவைக் கணக்கிட ‘ஓப்பன்காஸ்ட்’ என்னும் இலவச மென்பொருள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. சொந்தக் கணினிகளுக்கு நாம் விலை எழுதிக் கொடாவிடின் அது தன்னிடமுள்ள விலையைப் பயன்படுத்தும். அவ்விலை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள கூகிள் நிலையத்தின் விலையை ஒட்டி அமைந்தது! பூண்டுலோயாக் கொழுந்தை அயோவாத் தராசில் நிறுத்தாற் போலத்தான்.

நம் விலையை எழுதுவது எவ்வாறு? முதலில் தோட்டக் கணக்கையே பார்ப்போம். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒருவர் 18 கிலோ பறித்தாரென்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 75 ரூபாய். ஆனால் நிர்வாகம் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். அவற்றைச் சேர்த்தால் 86 ரூபாய் 25 சதம். கணினிக்கும் அவ்வாறே. வாங்கிய விலையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்து, அதனோடு மின்சாரம், இடவாடகை, பராமரிப்போர் ஊதியம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

இவ்வாறு கூட்டியதில் ஒரு கணினிக்கு மாதம் 73,000 ரூபாய் ஆகின்றது என்போம். மாதத்திற்கு 730 மணி. எனவே மணிக்கு 100 ரூபாய். மாத விலையை மணி விலையென்று எழுதிவிட்டால் கணக்கு 730 மடங்கு வீங்கும். இத்தகைய பிழை நேர்வது அரிதன்று.

அந்தக் கணினியில் 8 செயலிக் கருக்களும் 32 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. நூறு ரூபாயில் 60ஐச் செயலிக்கும் 40ஐ நினைவகத்துக்கும் பங்கிட்டால், ஒரு கரு 7 ரூபாய் 50 சதம். ஒரு ஜிகாபைட் 1 ரூபாய் 25 சதம். ஒரு கருவும் 16 ஜிகாபைட்டும் கொள்ளும் குழுவுக்கு மணிக்கு 27 ரூபாய் 50 சதம் விழும். பங்கீட்டை 40, 60 என மாற்றிப் பாருங்கள். அதே குழுவுக்கு 35 ரூபாய் விழும். கணினி மாறவில்லை, வேலை மாறவில்லை, செலவாளிக் குழு என்ற பெயர் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. வீண்செலவென்று ஒரு பணி நிறுத்தப்படுவதும், ஆட்கள் குறைக்கப்படுவதும் இத்தகைய எண்களைக் கொண்டுதான். ஆகையால் அந்தப் பங்கீட்டை யார், எக்காரணத்தால் எழுதினார் என்பது குழுவினர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எவரும் பயன்படுத்தாத பங்கு மற்றொரு சிக்கல். வரட்சிக் காலத்தில் கொழுந்து குறைந்தாலும் ஸ்டோரின் நிலைச்செலவு குறைவதில்லை. கணினியிற் பாதி சும்மா கிடந்தால் அந்த 50 ரூபாயைத் தனி வரியில் எழுதுவதே நேர்மை. குழுக்களின் தலையில் ஏற்றிவிட்டால், பெரிய கணினியை வாங்கியவரின் தவறு மறைந்து போகும்.

நாணய மாற்றையும் மறத்தலாகாது. வாடகை டாலரில் வருகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாயளவை எட்டியது. எனவே விலையோடு, அது எந்நாள் முதல் செல்லும் என்பதையும் குறித்தல் வேண்டும். புது விலையைப் பழைய மாதங்களின் மேல் ஏற்றலாகாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டுக் கொழுந்தை 1,350 ரூபாயாற் கணக்கிடும் கணக்கப்பிள்ளை எந்தத் தோட்டத்திலும் இருக்கமாட்டார்.