காயமும் கட்டும்

அரிவாள்மணையோ கத்தியோ இல்லாத சமையலறை நம் நாட்டில் ஏது? அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் இல்லாத வீடுதான் ஏது? அப்படியிருந்தும், காயத்தைக் கட்டுவதற்குரிய சாமான்களை ஓரிடத்தில் ஒழுங்காக வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவே. அவற்றை உபயோகிக்கும் முறை அறிந்தோரோ அதனினும் சிலர்.

விரலில் வெட்டுப் பட்டவுடன் ஒருவர் காப்பிப் பொடிக்கு ஓடுகிறார். மற்றொருவர் மஞ்சள் தூளை அப்புகிறார். பல சமயங்களில் இரத்தம் நிற்கத்தான் செய்கிறது. பொடிக்குக் கீர்த்தியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரத்தத்தை நிறுத்தியது பொடியன்று. அதை வைத்து அழுத்திய கையே. பொடி செய்த வேலை வேறு. காயத்தின் ஆழத்தை அது மறைத்தது. அழுக்கையும் கிருமிகளையும் உள்ளே சேர்த்தது. பின்னால் டாக்டர் அதைக் கழுவி எடுக்கும்போது உண்டாகும் வேதனையையும் மிகுவித்தது.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் அசிரத்தையாக இருந்தவர்களல்லர். சுசுருத சம்ஹிதை 14 வகைக் கட்டுகளை விவரித்து, எந்த உறுப்புக்கு எது பொருந்தும் என்றும் வகுத்துரைக்கிறது. போரில் பட்ட புண்ணை ஊசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் வருகிறது. இத்தகைய பரம்பரையில் வந்த நாம் காப்பிப் பொடியோடு நின்றுவிடலாமா?

நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றே: கட்டு என்பது மருந்தன்று. அதன் தொழில் மூன்று. அழுத்தி இரத்தத்தை நிறுத்துவது, கசிவை உறிஞ்சுவது, வெளிக்கிருமிகள் அண்டாமல் மூடுவது. இம்மூன்றில் எது இப்பொழுது வேண்டும் என்று தெரிந்துகொண்டு கட்டுவதே பிரதம சிகிச்சையின் சூட்சுமம்.

இரத்தம் பெருகினால் முதல் தேவை அழுத்தம். மடித்த காஸ் துணியை, அஃதில்லையேல் வெளுத்த கைக்குட்டையை, இரத்தம் வரும் இடத்தின் மீதே வைத்துப் பலமாக அழுத்த வேண்டும். பிறர் காயமானால் கையுறை அணிவது நலம். இல்லாவிடில் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். குறைந்தது 10 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து, இடைவிடாமல் அழுத்துக. நின்றுவிட்டதா என்று அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்ப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். அதையும் மீறி இரத்தம் வந்தால், அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று பொருள். இரண்டையும் நீக்கி, இரத்தம் புறப்படும் இடத்தைக் கண்டு, புதுத் துணியால் மீண்டும் அழுத்துக. கண்ணாடித் துண்டோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் அதைப் பிடுங்கலாகாது. அதுவே இரத்தத்துக்கு அடைப்பாக நிற்கக்கூடும். இரு புறமும் துணிகளை அணையாக வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பஞ்சை நேராகக் காயத்தில் வைப்பது தவறு. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காஸ் துணி கீழே, பஞ்சு மேலே என்பதே முறை. உறையைப் பிரித்ததும் காஸின் ஓரத்தைப் பிடிக்க வேண்டுமேயன்றி, காயத்தில் படும் நடுப்பகுதியைத் தொடலாகாது. கையிலோ காலிலோ சுருள் துணி சுற்றியபின், விரல் நுனியின் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்பாவிட்டாலும், விரல் குளிர்ந்தாலும் மரத்தாலும், கட்டு இறுகிவிட்டது. உடனே தளர்த்த வேண்டும்.

சிறு காயத்தை ஓடும் நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினால் போதும். இப்பிளாஸ்திரியே ஒரு சமையலறையின் குழந்தைதான். அமெரிக்காவில் ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்ல் டிக்ஸன் என்பவரின் மனைவி அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். பிறர் துணையின்றி அவரே கட்டிக்கொள்வதற்காக, ஒட்டும் நாடாவின் நடுவில் காஸ் துண்டை வைத்து 1920இல் கணவர் செய்து கொடுத்த உபாயம் அது. நனைந்த பிளாஸ்திரியை உடனே மாற்றுவது அவசியம்.

தீப்புண்ணுக்குக் கட்டுமுன் தண்ணீர் வேண்டும். குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிஷம் அதன்மேல் ஓட விடுங்கள். வீக்கம் காணுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். பனிக்கட்டி, நெய், பற்பசை, மை எதுவும் வேண்டா. கொப்புளத்தை உடைக்கலாகாது. பிறகு இழை உதிராத சுத்தத் துணியால் தளர்வாக மூடினால் போதும்.

நாய்க்கடியோ கட்டு வேண்டாத காயம். சோப்பு நீரால் 15 நிமிஷம் கழுவி, மூடாமல், அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். இரத்தம் பெருகினால் மட்டும் அழுத்தலாம். மண்பட்ட காயத்துக்கும் துருப்பிடித்த ஆணி குத்தியதற்கும் டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரைக் கேட்டறிக.

2008 முதல் தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆயினும் அது வரும்வரையுள்ள நிமிஷங்கள் அருகில் நிற்பவருடையவை. சாலை விபத்தில் உதவினால் வழக்கு வருமே என்று தயங்க வேண்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கிறது.

இவற்றுக்கெல்லாம் வைத்தியப் பட்டம் வேண்டுமோ? 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் சுமார் 1,100 இந்தியரைக் கொண்டு ஆம்புலன்ஸ் படை அமைத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். அவ்வெளிய மனிதர்கள் காயமுற்றோரைத் தூளிகளில் சுமந்து மைல் கணக்காக நடந்தார்கள். அவர்களிடம் இருந்தவை துணிவும் பயிற்சியுமே.

ஆகவே நேயர்களே, காஸ் துணி, சுருள் துணி, முக்கோணத் துணி, பிளாஸ்திரி, ஒட்டு நாடா, கத்தரிக்கோல், கையுறை இவற்றை ஒரு பெட்டியில் இட்டு, வீட்டிலுள்ள யாவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். தீபாவளிக்கும் தமிழ் வருஷப் பிறப்புக்கும் வீட்டைச் சுத்தம் செய்கையில் அதையும் திறந்து, காலாவதியானதையும் உறை கிழிந்ததையும் மாற்றுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கும் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் அந்நேரம் இருப்பது அக்குழந்தை ஒன்றாகவே இருக்கலாம்.